பலகாரம் விற்கும் சைட்டுக்கு சர்வர் பக்கச் சோதனை எதற்கு?

கோட்டையூர் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "செட்டிநாட்டுப் பலகாரமும் கண்டாங்கிச் சேலையும் ஆன்லைனில் விற்கிற கம்பெனியில் டெவலப்பராக இருக்கிறேன். இதுவரை ரெடிமேட் டூல் ஒன்றைப் பேஜில் ஒட்டி ஏ/பி டெஸ்ட் செய்துவந்தோம். இனிமேல் எல்லாச் சோதனையையும் சர்வர் பக்கம் கொண்டுபோகச் சொல்கிறார்கள். மூன்று மாத வேலை ஆகும்போலிருக்கிறது. பெரிய கம்பெனிகள் ஏன் இதற்குப் போகின்றன? என்னென்ன கஷ்டம் வரும்? எங்களுக்கு இது தேவைதானா?"

பதினோரு வருஷமாக நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். முதலில் பெங்களூரு, இப்போது காரைக்குடியில் வீட்டிலிருந்தே. சொல்ல நிறைய இருப்பதால் பதில் கொஞ்சம் நீளும். கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவைதான். ஆனால் உங்கள் அளவுள்ள கடை மூன்று மாதம் உட்கார்ந்து மொத்தத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

முதலில், ஏ/பி டெஸ்ட் என்றால் சைட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழையதையும் (ஏ பிரிவு) மீதிப் பேருக்குப் புதியதையும் (பி பிரிவு) காட்டி ஒப்பிடுவது. அதை வருகிறவரின் பிரவுசரில் செய்யாமல், பேஜைத் தயாரித்து அனுப்புகிற நம் கம்ப்யூட்டரிலேயே செய்வதுதான் சர்வர் பக்கச் சோதனை. சரி, டெஸ்ட் என்பதே எதற்கு? ஐப்பசி முதல் தேதி சைட்டை மாற்றினோம், விற்பனை இரண்டு மடங்காகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அது சைட் செய்த வேலையா, தீபாவளி செய்த வேலையா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பார்க்கிற கணக்கில் இந்தக் குழப்பம் தீரவே தீராது. இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஆத்தங்குடியில் கல் போடுகிற ஒரு பெரியவர். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் கலர்க் கலவையை ஊற்றி, அச்சை அலுங்காமல் எடுத்து, மேலே உலர்ந்த சிமெண்ட் தூவி, அதன்மேல் கலவையைப் போட்டு மட்டம் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் புது சிமெண்ட் ஒன்று வந்திருந்தது. பழையது ஒரு கல், புதியது ஒரு கல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, பின்பக்கம் கரியால் அடையாளம் வைத்தார். காலையில் பழையதையும் மத்தியானம் புதியதையும் போட்டால் சுலபமாக இருக்குமே என்று கேட்டேன். "மத்தியானம் வெயிலும் வேற, என் கையும் வேற" என்றார். அவ்வளவுதான் விஷயம். வெயில், கை, தண்ணீர் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழ வேண்டும். மிஞ்சுகிற வித்தியாசம் மட்டுமே சிமெண்டுடையது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-ல் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் வயல் பாத்திகளை வைத்து இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனிதர் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கிப் போட வேண்டும் என்றார். இன்று சைட்டுக்கு வருகிறவர்களை இரண்டாகப் பிரிக்கிற எல்லா டூலுக்கும் வேர் அந்தப் பாத்திகளில்தான் இருக்கிறது.

சரி, பேஜில் ஒட்டுகிற டூலுக்கு என்ன குறை? அது வேலை செய்கிற முறையைப் பாருங்கள். சர்வர் எல்லோருக்கும் பழைய பேஜைத்தான் அனுப்புகிறது. அது பிரவுசருக்கு வந்த பிறகு ஒரு ஸ்க்ரிப்ட் ஓடி, இவர் பி பிரிவு என்று முடிவுசெய்து, பட்டனையோ தலைப்பையோ மாற்றி எழுதுகிறது. நல்ல வைஃபையில் இது கண்ணுக்கே தெரியாது. திருப்பத்தூர் பஸ்ஸில் ஒரு கோடு சிக்னலில் பார்க்கிறவருக்குப் பழைய பேஜ் தெரிந்து, அரை வினாடி கழித்து அதுவே குதித்து மாறும். அவர் அந்தக் குதிப்பைப் பார்த்து வெளியே போனாரா, புது டிசைனைப் பார்த்துப் போனாரா என்பது உங்கள் ரிப்போர்ட்டில் வராது. விளம்பரத் தடுப்பான் போட்டிருப்பவர்களிடம் அந்த ஸ்க்ரிப்ட் ஓடவே ஓடாது. சஃபாரி பிரவுசரோ 2019 முதல், ஸ்க்ரிப்ட் வைக்கிற குக்கீயை (வந்தவரை மறுபடியும் அடையாளம் காண பிரவுசரில் வைக்கிற சின்னக் குறிப்பு) ஏழு நாளில் அழித்துவிடுகிறது. எட்டாம் நாள் திரும்பி வருகிற ஐபோன்காரர் உங்கள் டூலுக்குப் புது ஆள். அவருக்கு மறுபடியும் குலுக்கல் நடக்கும், போன வாரம் ஏ பார்த்தவர் இந்த வாரம் பி பார்ப்பார். சேலையை ஒரு வாரம் யோசித்து வாங்குகிறவர்கள்தான் உங்களிடம் அதிகம் இருப்பார்கள். அவர்கள் கணக்கே கலங்கிவிடும். இந்த வகை டூல்களில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த கூகுள் ஆப்டிமைஸ் 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்தவர்கள் எல்லோரும் அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டிவந்தது.

இதெல்லாம் தொழில்நுட்பக் குறைகள். முக்கியமான காரணம் வேறு. நம் பக்கத்து வீடுகளில் முகப்பும் பட்டாலையும் வருகிறவர் கண்ணுக்கு. சாப்பாட்டின் ருசி உள்ளே அடுப்படியில் முடிவாகிறது. சைட்டும் அப்படித்தான். பட்டன் நிறம், பேனர் படம் எல்லாம் முகப்பு. "முறுக்கு" என்று தேடினால் கைமுறுக்கு முதலில் வருவதா தேன்குழல் முதலில் வருவதா, ஸ்டாக் எவ்வளவு குறைந்தால் எச்சரிக்கை காட்டுவது, எந்த கூரியர், எந்த நாளைக்குள் வரும் என்று வாக்குக் கொடுப்பது, திரும்பி வராத வாடிக்கையாளருக்கு எப்போது மெசேஜ் அனுப்புவது, இவை எல்லாம் சர்வரில் முடிவாகின்றன. பேஜில் ஒட்டிய ஸ்க்ரிப்டால் அங்கே கைவைக்க முடியாது. மொபைல் ஆப்புக்கும் அது உதவாது. வியாபாரத்தில் பெரிய வித்தியாசம் உண்டாக்குகிற முடிவுகள் எல்லாம் உள்ளே இருப்பதால்தான் கம்பெனிகள் சோதனையையும் உள்ளே கொண்டுபோகின்றன.

இதற்குப் பழைய உதாரணம் அமேசானில் இருக்கிறது. கார்ட்டில் ஏற்கெனவே இருக்கிற பொருள்களைப் பார்த்து, இன்னும் என்ன வாங்கலாம் என்று சொல்லும் வசதியை கிரெக் லிண்டன் என்ற இன்ஜினியர் செய்து காட்டினார். பணம் கட்டப் போகிறவரின் கவனம் சிதறிவிடும் என்று மார்க்கெட்டிங்கில் மேலதிகாரி ஒருவர் பலமாக எதிர்த்தார். அந்த வேலையைத் தொடர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். லிண்டன் விடாமல் அதைச் சோதனையாக ஓட்டினார். வருமானம் நன்றாக ஏறியது, வசதி நிலைத்தது. அதிகாரி சொன்னதும் நியாயமான பயம்தான். யார் சொன்னது சரி என்பதைப் பேசித் தீர்த்திருக்கவே முடியாது.

கூகுளில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஒரு பேஜில் பத்து முடிவுக்குப் பதில் நிறைய முடிவுகள் வேண்டும் என்று பயனாளர்களே கேட்டார்கள். முப்பது காட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் தேடல் 20% விழுந்தது. காரணத்தை அப்போது கூகுளில் இருந்த மரிசா மேயர் 2006-ல் ஒரு மேடையில் சொன்னார்: பத்து முடிவுள்ள பேஜ் வர 0.4 வினாடி, முப்பது உள்ளது வர 0.9 வினாடி. அந்த அரை வினாடியை மக்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. கேட்டால் வேண்டும் என்பார்கள், கொடுத்தால் போய்விடுவார்கள். இது சர்வர் பக்கத்தில் ஓட்டியதால்தான் தெரிந்தது, ஏனென்றால் தாமதமே அங்கேதான் உண்டாகிறது.

2012-ல் மைக்ரோசாஃப்டின் தேடல் தளமான பிங்கில் ஒருவர், விளம்பரத்தின் தலைப்போடு அதற்குக் கீழுள்ள முதல் வரியையும் சேர்த்து நீளமாகக் காட்டலாம் என்று ஒரு யோசனை சொன்னார். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் இன்ஜினியர் ஒருவர், கொஞ்ச வேலைதானே என்று சோதனையாகப் போட்டார். வருமானம் 12% ஏறியது. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல். அங்கே சோதனைக் குழுவை நடத்திய ரான் கோஹாவி வெளியிட்ட இன்னொரு கணக்குதான் என்னை மாற்றியது. மைக்ரோசாஃப்டில் சோதித்த யோசனைகளில் சுமார் மூன்றில் ஒன்றுதான் எதை உயர்த்த நினைத்தார்களோ அதை உயர்த்தியது. பிங் போல ஏற்கெனவே நன்றாகச் செதுக்கிய இடங்களில் வெற்றி 10 முதல் 20 சதவீதம்தான். அத்தனை அனுபவம் உள்ளவர்களுக்கே பத்தில் எட்டு தப்பினால், நம் ஊகத்தை மட்டும் நம்பி மூன்று மாத வேலையை எப்படிக் கொட்டுவது? சோதனைக்குப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு லாபமும் உண்டு. பல கம்பெனிகள் உண்மையில் இதற்காகத்தான் முதலில் வருகின்றன. சோதனைக்காக நீங்கள் கோடில் வைக்கிற ஃபீச்சர் ஃப்ளாக், அதாவது இவருக்குப் புதியதா பழையதா என்று முடிவுசெய்கிற குறி, ஒரு சுவிட்சும்கூட. புது பேமெண்ட் கேட்வேயை முதலில் 1% பேருக்குத் திறந்து, பிறகு 5, பிறகு 50 என்று ஏற்றலாம். கோளாறு என்றால் ஒரு நிமிடத்தில் மூடலாம், நடுராத்திரி பழைய கோடை மறுபடியும் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஆப்பில் இது இன்னும் முக்கியம். ஒருமுறை ஸ்டோருக்குப் போன ஆப்பைத் திரும்ப வாங்க முடியாது.

பிரிக்கிற இயந்திரம் மிகவும் எளிது. வாடிக்கையாளர் எண்ணையும் சோதனையின் பெயரையும் சேர்த்து எழுதி, எம்டி5 போன்ற ஒரு ஹேஷில் (எந்த எழுத்தையும் கலக்கி ஒரு எண்ணாக்கும் கணக்கு, அதே எழுத்துக்கு எப்போதும் அதே எண்) போட்டு, வருகிற எண்ணை நூறால் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 முதல் 49 வரை ஏ, 50 முதல் 99 வரை பி. எதையும் சேமித்து வைக்க வேண்டாம். அதே ஆள் எத்தனை முறை வந்தாலும் அதே பிரிவுதான் வரும். சோதனையின் பெயரைச் சேர்ப்பது ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அதைச் சேர்க்காமல், வாடிக்கையாளர் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் முதல் சோதனையில் பி பார்த்த அதே கூட்டம் அடுத்த சோதனையிலும் பி பார்க்கும். முதல் சோதனை அவர்களைக் கோபப்படுத்தியிருந்தால் அந்தக் கோபம் இரண்டாவது சோதனையின் தலையில் விழும்.

இனி கஷ்டங்கள். கோடு எழுதுவது கஷ்டமே இல்லை. யார் எதைப் பார்த்தார் என்று நேர்மையாகக் கணக்கு வைப்பதுதான் முழுக் கஷ்டமும்.

ஆள் யார் என்பதிலேயே அது ஆரம்பிக்கிறது. காரைக்குடியில் ஆச்சி ஃபோனில் பார்த்துப் பிடித்ததைச் சொல்வார், சிங்கப்பூரில் இருக்கிற மகன் லேப்டாப்பில் பணம் கட்டுவார். சர்வருக்கு அவர்கள் இரண்டு பேர். லாகின் செய்வதற்கு முன் ஒருவர் வெறும் குக்கீ, லாகின் செய்த பிறகு வாடிக்கையாளர் எண். இரண்டுக்கும் ஹேஷ் வேறு, ஆகவே பிரிவும் வேறாகலாம். பணம் கட்டும் பேஜுக்கு வந்து லாகின் செய்கிற நொடியில் அவர் கண்முன்னே பேஜ் மாறும். பேஜ் குதிப்பதை ஒழிக்க சர்வருக்கு வந்துவிட்டு, இன்னொரு வழியில் அதையே உள்ளே அழைத்துவந்ததாக ஆகிவிடும். லாகினுக்கு முன் நடக்கிற சோதனை எது, பின் நடக்கிறது எது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். முன் நடப்பதற்கு, சர்வரே வைக்கிற குக்கீயைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது, எந்த நொடியில் எண்ணுவது. இதில் நானே ஒரு சோதனையைக் கெடுத்திருக்கிறேன். பெங்களூரில் நான் இருந்த கம்பெனியில் ஒரு பொருள் பேஜை மாற்றினோம். பி பிரிவில் பெரிய பெரிய படங்கள். பிரிப்பது சர்வரில் சரியாக நடந்தது; ஆனால் "இவர் பார்த்தார்" என்ற பதிவை, பேஜ் முழுவதும் இறங்கிய பிறகு பிரவுசர் அனுப்பும்படி நான் எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பி பிரிவில் வாங்குகிறவர் விகிதம் நன்றாக ஏறியிருந்தது. மேலே எல்லோருக்கும் சந்தோஷம். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "அண்ணா, பாதிக்குப் பாதி பிரித்தோம், பி பக்கம் ஏன் ஆள் குறைகிறது?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் அந்த எண்ணிக்கையையே பார்த்தேன். நடந்தது இதுதான்: பி பேஜ் கனமாக இருந்ததால் மெதுவான நெட்வொர்க்கில் இருந்தவர்கள் அது முழுவதும் இறங்குவதற்குள் போய்விட்டார்கள். போனவர்கள் பதிவிலேயே வரவில்லை. எஞ்சியவர்கள் நல்ல நெட்வொர்க்கும் நல்ல ஃபோனும் உள்ளவர்கள். அவர்கள் எப்படியும் அதிகம் வாங்குவார்கள். வாடிக்கையாளரைத் துரத்திய பேஜ் எங்கள் ரிப்போர்ட்டில் வெற்றி பெற்றிருந்தது. பதிவை, பிரிவைத் தீர்மானிக்கிற அதே வரியில் சர்வரிலேயே எழுதும்படி மாற்றி மறுபடியும் ஓட்டினோம். அந்த ஏற்றம் காணாமல் போனது.

அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட்டிலும் முதல் வரியாக ஆள் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன். என் அப்பச்சி வட்டிக்கடைக் கணக்கில் வளர்ந்தவர். ஐந்தொகை நேராகாத பேரேட்டில் லாபம் எவ்வளவு என்று பேசவே விடமாட்டார். இரண்டு காசு இடித்தாலும் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு தேடுவார்கள். இங்கேயும் அதே ஒழுக்கம் வேண்டும். 10,000 பேரைப் பாதியாகக் குலுக்கினால் 5,100-க்கு 4,900 என்று வருவது சகஜம், இருபதில் ஒரு முறை அந்த அளவுக்கோ அதற்கு மேலோ விலகும். 5,300-க்கு 4,700 என்று வந்தால் அது தற்செயலாக நடக்க நூறு கோடியில் இரண்டு வாய்ப்புதான். குலுக்கலிலோ பதிவிலோ எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சோதனையின் வெற்றி தோல்வி எதையும் நம்பக் கூடாது. மைக்ரோசாஃப்டிலேயே சுமார் 6% சோதனைகளில் இந்த எண்ணிக்கைக் கோளாறு இருப்பதாக அவர்களே 2019-ல் எழுதினார்கள். அத்தனை ஆள்பலம் உள்ள இடத்தில் அப்படி என்றால் நமக்கு இன்னும் அதிகம் இருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேஷும் (ஒருமுறை தயாரித்த பேஜை எடுத்து வைத்து, அடுத்து வருகிறவர்களுக்கும் அதையே கொடுக்கிற இடம்) இதே குடும்பத்துச் சிக்கல். சைட் வேகமாக இருக்க, முகப்புப் பேஜைப் பத்து நிமிடம் கேஷில் வைத்திருப்பீர்கள். முதலில் வருகிறவர் பி பிரிவு என்றால், அவருக்குச் செய்த பேஜ் கேஷில் போய் உட்கார்ந்து, அடுத்த பத்து நிமிடம் வருகிற எல்லோருக்கும் போகும். ஏ என்று பதிவானவரும் பி பார்ப்பார். பிரிவின் பெயரை கேஷ் சாவியில் சேர்த்தால் தீரும். ஆனால் நான்கு சோதனை ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே பேஜுக்குப் பதினாறு நகல் ஆகும், கேஷ் வைத்ததன் பலனே கரையும். சோதனை நடக்கிற துண்டை மட்டும் கேஷுக்கு வெளியே எடுப்பதுதான் நான் வழக்கமாகச் செய்வது.

உங்கள் கம்பெனிக்கு இதையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ஆள் போதாது. ஒரு பிரிவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: மாறுபாட்டை (வாங்குகிறவர் விகிதத்தை வாங்காதவர் விகிதத்தால் பெருக்கினால் வருவது) பதினாறால் பெருக்கி, நீங்கள் கண்டுபிடிக்க நினைக்கிற வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வருகிற நூறு பேரில் ஐந்து பேர் வாங்குகிறார்கள் என்று வைப்போம். அது ஐந்தேகாலாக ஏறுவதைக் கண்டுபிடிக்க ஒரு பிரிவுக்கு 1,21,600 பேர் வேண்டும். தினம் 400 பேர் வருகிற சைட்டில் இரண்டு பிரிவும் நிரம்ப 608 நாள் ஆகும். ஐந்து ஆறாக ஏறுமா என்று பார்க்க 7,600 பேர் போதும், 38 நாளில் முடியும். ஆகவே சின்னக் கடைக்குச் சின்ன மாற்றங்களைச் சோதிக்கிற பாக்கியம் கிடையாது. பட்டன் நிறத்தை விட்டுவிட்டு, பெரிதாக அசைக்கக்கூடிய இரண்டு மூன்று யோசனைகளை மட்டும் எடுங்கள். சர்வர் பக்கம் போவதற்கு இதுவும் ஒரு காரணம், பெரிய யோசனைகள் அங்கேதான் இருக்கின்றன.

காத்திருக்க முடியாமல் தினமும் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்து, வித்தியாசம் தெரிந்த அன்றே நிறுத்துவது அடுத்த ஆபத்து. ஒன்றுமே வித்தியாசமில்லாத இரண்டு பேஜை ஒரு முறை பார்த்தால் தவறாக வெற்றி என்று சொல்ல 5% வாய்ப்பு. நடுநடுவே பத்து முறை பார்த்து, ஏறியவுடன் நிறுத்தினால் அது சுமார் 19% ஆகிறது. முடிவுத் தேதியை ஆரம்பிக்கும்போதே எழுதி வையுங்கள். நடுவில் பார்ப்பது கோளாறைக் கண்டுபிடிக்க மட்டும்.

உங்கள் வியாபாரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: கல்யாண ஆர்டர். தை மாதத்தில் ஒரு வீட்டுக்காரர் சீர் பலகாரம் ஐந்நூறு டப்பா என்று ஆர்டர் போடுவார். அவர் குலுக்கலில் பி பக்கம் விழுந்துவிட்டால் பி பிரிவின் சராசரி ஆர்டர் தொகை ஒரே நாளில் குதித்துவிடும். அது டிசைனுக்குக் கிடைத்த வெற்றி அல்ல, ஒரு வீட்டுக் கல்யாணம். ஒரு ஆர்டரை அதிகபட்சம் இவ்வளவு தொகையாகத்தான் கணக்கில் எடுப்போம் என்று முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். முடிவைப் பார்த்த பிறகு வரம்பு வைப்பது மோசடிக்குச் சமம். வித்தியாசத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க, ஒவ்வொருவரும் சோதனைக்கு முன்னால் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுகிற ஒரு முறையை மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2013-ல் எழுதினார்கள். பழைய வாடிக்கையாளர் அதிகம் உள்ள கடைக்கு அது நன்றாக உதவும்.

எதை அளப்பது என்பதில் பெரியவர்களும் வழுக்கியிருக்கிறார்கள். பிங்கில் ஒரு சோதனையில், கோடில் இருந்த பிழையால் தேடல் முடிவுகள் மிக மோசமாகிவிட்டன. ஆனால் ஒருவர் தேடுகிற எண்ணிக்கை 10%-க்கு மேலும், வருமானம் 30%-க்கு மேலும் ஏறியது. தேடியது கிடைக்காததால் மறுபடி மறுபடி தேடினார்கள், வேறு வழியில்லாமல் விளம்பரத்தை அழுத்தினார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் பிழையையே நிரந்தரமாக்கியிருப்பார்கள். உங்களுக்கும் இன்றைய ஆர்டர் எண்ணிக்கை மட்டும் போதாது. மலிவான பேக்கிங்கால் ஆர்டர் ஏறலாம், முறுக்கு உடைந்து போய்ச் சேரும், அந்த வீடு மறுபடியும் வராது. அறுபது நாளுக்குள் இரண்டாவது ஆர்டர் வந்ததா என்பதை என்ன ஆனாலும் கூடவே அளந்துகொண்டிருங்கள்.

ஒரு பிரிவு இன்னொன்றைத் தொடாது என்று நாம் நினைக்கிறோம். அதுவும் எப்போதும் உண்மையல்ல. ஒரு நாளைக்கு 200 டப்பா அதிரசம்தான் போட முடியும் என்றால், பி பிரிவு வேகமாக வாங்கித் தீர்த்துவிட, ஏ பிரிவுக்கு "ஸ்டாக் இல்லை" என்று வரும். பி ஜெயித்ததில் பாதி, ஏ-யிடமிருந்து பிடுங்கியது. இப்படிப்பட்ட பொருளுக்கு ஆளைப் பிரிக்காமல் நாளைப் பிரிக்க வேண்டும்: சில நாள் எல்லோருக்கும் ஏ, சில நாள் எல்லோருக்கும் பி, எந்த நாள் எது என்பதைக் குலுக்கிப் போடுங்கள்.

சோதனை முடிந்த பிறகு ஃப்ளாக்கை அழிக்காமல் விட்டுவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. இதன் விலை என்ன என்பதற்கு நைட் கேப்பிட்டல் கதை ஒன்றே போதும். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய நிறுவனம். வருஷக்கணக்கில் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய வசதியின் ஃப்ளாக்கைப் புது வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் புதுக் கோடு ஏறவில்லை. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலை சந்தை திறந்ததும், அந்த ஒரு சர்வரில் பழைய கோடு உயிர்பெற்று, கண்டபடி வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் நஷ்டம். ஒவ்வொரு ஃப்ளாக்கும் பிறக்கும்போதே அதை யார் அழிப்பார், எந்தத் தேதியில் அழிப்பார் என்று எழுதச் சொல்வதில் நான் கடுமையாக இருப்பது இதனால்தான்.

மனிதர்கள் பக்கம் ஒரு வருத்தம் வரும், அதையும் எதிர்பாருங்கள். இதுவரை மார்க்கெட்டிங் ஆள்கள் தாங்களே டூலைத் திறந்து பேனரை மாற்றிப் பார்த்திருப்பார்கள். சர்வருக்குப் போனால் ஒவ்வொரு சோதனைக்கும் உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும். நீங்கள் வேறு வேலையில் இருப்பீர்கள். பல கம்பெனிகளில் சோதனைகளின் எண்ணிக்கை மாறிய முதல் வருஷத்தில் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே டப்பாவுக்கு இரண்டு பேருக்கு இரண்டு விலை காட்டுகிற சோதனையை நான் செய்ய மாட்டேன், செய்யச் சொன்ன இடத்தில் மறுத்தும் இருக்கிறேன். சர்வர் பக்கம் இருப்பதால் யாருக்கும் தெரியாது என்பதே அதைச் செய்யாமலிருக்கக் காரணம். ஃபேஸ்புக் 2012 ஜனவரியில் 6,89,003 பேரின் பக்கத்தில் வருகிற பதிவுகளின் உணர்ச்சியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, 2014-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது எழுந்த கோபம் நியாயமானது. நம் நாட்டிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆளின் விவரத்தை எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. பேனர், படம், வாசகம் எல்லாம் பழைய டூலிலேயே இருக்கட்டும். மார்க்கெட்டிங் ஆள்களின் கையைக் கட்ட வேண்டாம். சர்வருக்கு மூன்றே இடத்தைக் கொண்டுவாருங்கள்: தேடல் வரிசை, பணம் கட்டும் பேஜில் யூபிஐ முதலிலா கேஷ் ஆன் டெலிவரி முதலிலா என்பது, பழைய வாடிக்கையாளருக்குப் போகிற மெசேஜ். பிரிக்கிற கோடை நீங்களே எழுதினாலும் சரி, க்ரோத்புக் போன்ற ஓப்பன் சோர்ஸ் ஒன்றை எடுத்தாலும் சரி. மூன்று மாதம் மூன்று வாரமாகக் குறையும்.

ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். போன மாத டேட்டாவை எடுத்து, இல்லாத சோதனைகளுக்கு ஆயிரம் பெயர் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் அதே வாடிக்கையாளர்களை ஹேஷில் போட்டு இரண்டாகப் பிரித்து, வித்தியாசம் இருக்கிறதா என்று கணக்கிடுங்கள். யாருக்கும் எதையும் மாற்றிக் காட்டாததால் உண்மையில் வித்தியாசம் இருக்க முடியாது. 5% அளவில் பார்த்தால் ஆயிரத்தில் சுமார் 50 மட்டும் தற்செயலாக "வெற்றி" என்று சொல்ல வேண்டும். 120, 200 என்று வந்தால், ஒரே ஆளைப் பல பேராக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வருகையை ஆளாக எண்ணியிருப்பீர்கள். ஒரு ராத்திரி ஓடினால் முடிகிற வேலைதான். 50-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் யூபிஐ சோதனையை அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாம்.